இரண்டாவது மிதி

சம்பந்தி பிரேக்கை இரண்டு தடவை மிதிக்கிறார் என்பது ஐம்பத்திரண்டாம் வளைவில்தான் சென்னியப்பனுக்கு உறைத்தது. அதற்கு முந்தியும் அப்படித்தான் மிதித்துக்கொண்டு வந்தாரோ என்னவோ, அவர் பார்க்கவில்லை. கோயிலில் சாப்பிட்ட சர்க்கரைப் பொங்கலும் ஜன்னல் வழியாக வந்த மலைக்காற்றும் சேர்ந்து கண்ணைச் சொருக வைத்திருந்தன. கொல்லிமலையிலிருந்து தரைக்கு இறங்க எழுபது கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு ஒரு பலகை, பலகைக்கு ஒரு எண். இறங்க இறங்க எண் குறையும். எழுபது, அறுபத்தொன்பது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே வந்தவர் நடுவில் எங்கேயோ விட்டுவிட்டார். காது அடைத்திருந்தது. பின் இருக்கையில் சம்பந்தியம்மா பேசுவது சுவருக்கு அந்தப்புறம் பேசுவது போலக் கேட்டது. மரங்கள் நின்ற இடத்தில் நின்றபடியே மெதுவாகத் திரும்பின. மஞ்சள் வெயில் ஒரு தடவை அவர் மடியில் விழுந்தது, வளைவு திரும்பியதும் எழுந்து சம்பந்தியின் மடிக்குப் போனது, மறுபடி இவரிடம் வந்தது. அந்த வெயிலின் பின்னாலேயே கண்ணை விட்டபோதுதான் கால் தெரிந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு வண்டி ஓட்டுகிற கால். அது பிரேக்கை அழுத்தியது, எடுத்தது, மறுபடி அழுத்தியது. இரண்டாவது மிதிக்குத்தான் வண்டி கேட்டது. சொன்னால் கேட்காத மாடு இரண்டாவது அதட்டலுக்குத் தலையைத் திருப்புவது போல. தூக்கம் போகவில்லை. தூக்கத்துக்குள்ளேயே ஒரு கண் மட்டும் விழித்துக்கொண்டது.

வண்டி குழந்தைவேலுவுடையது. மூன்று மாதத்துக்கு முன்னால் அவருடைய மகனுக்குத்தான் சென்னியப்பன் தன் ஒரே பெண் தாரணியைக் கட்டிக்கொடுத்திருந்தார். மாப்பிள்ளைக்கு ஓசூரில் வேலை. அங்கே வீடு பார்க்கிறவரைக்கும் பெண் மாமனார் வீட்டில் இருக்கிறாள். கல்யாணம் நல்லபடியாக முடிந்தால் மலைக்கு வருகிறோம் என்ற வேண்டுதலுக்காக இன்றைக்கு வந்தார்கள். முன்னால் உட்காருங்க சம்பந்தி, முன்னால்தான் உட்காரணும் என்று கையைப் பிடித்து ஏற்றியவர் குழந்தைவேலு. பின்னால் அவருடைய மனைவி வளர்மதியும் தாரணியும். அதற்கும் பின்னால், மேலே வாங்கிய இரண்டு பலாப்பழம். சென்னியப்பனின் மனைவி ருக்மணி முழங்கால் வலி என்று வரவில்லை. "இந்த வண்டி எங்க வீட்ல இன்னொரு ஆளுங்க சம்பந்தி. பையன் அஞ்சாவது படிக்கையில எடுத்தது. ஒரு நாள் நடுவழியில நிறுத்தியிருக்குமா, கேளுங்க" என்று குழந்தைவேலு காலையில் ஏறும்போதே சொன்னார். "ஆளுதான், இல்லைங்கல. எனக்கு எடுத்த சேலைய விட அதுக்கு மாத்தின சீட் கவர்தான் ஜாஸ்தி" என்றார் வளர்மதி. "சேலை கட்டிக்கிட்டு நீ லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் குடுப்ப?" வளர்மதியே முதலில் சிரித்தார். சென்னியப்பனும் சிரித்தார். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்கவும் தலையாட்ட வேண்டிய இடத்தில் தலையாட்டவும் மூன்று மாதத்தில் பழகியிருந்தார். இறக்கத்தில் ஐந்தாறு வளைவு தாண்டியதும் குழந்தைவேலு கியரை நடுவில் தள்ளிவிட்டு, கையை எடுத்துக் காட்டினார். "நியூட்ரல். இனி வண்டி தானாப் போகுமுங்க. டீசல் விக்கிற விலைக்கு, சாமி சும்மா குடுத்த இறக்கத்த வீணாக்கலாமுங்களா?" அதற்கும் சென்னியப்பன் தலையாட்டினார். அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. தானாகப் போகிற வண்டியை எது பிடித்துக்கொள்ளும் என்ற கேள்வி அப்போது வரவில்லை. இப்போது அந்தக் காலைப் பார்த்ததும் வந்தது. எல்லாப் பாரத்தையும் அந்த ஒரு வெறுங்கால்தான் பிடித்திருக்கிறது.

சொல்லலாம். சம்பந்தி, பிரேக் கொஞ்சம் சரியில்லைங்களா என்று கேட்பதற்கு எவ்வளவு நேரமாகும். ஒரு வளைவுகூட ஆகாது. ஆனால் பெண் கொடுத்தவன் மாப்பிள்ளை வீட்டுப் பொருளைக் குறை சொன்னான் என்றால் அது மலையோடு நின்றுவிடாது. வீட்டுக்கு வரும், சமையல்கட்டுக்கு வரும், தாரணியின் தட்டில் சோறு போடும்போது கூடவே விழும். ஒரு தடவை பட்டாயிற்று. நிச்சயத்தன்று மாப்பிள்ளை வீட்டுச் சீர்த் தட்டுகள் இதே வண்டியில்தான் வந்து இறங்கின. பதினொன்று என்று பேச்சு. வாசலில் கும்பிட்டுக்கொண்டு நின்றவருடைய கண் பாட்டுக்கு எண்ணிவிட்டது. பத்து. இரட்டைப் படை ஆகாது, ஒன்று வண்டியிலேயே விட்டுப்போயிருக்கும், தூறல் போடுகிறது, நனைவதற்குள் எடுத்துவரச் சொல்லலாம் என்றுதான் நினைத்தார். நினைத்தது இத்தனை. வாயில் வந்தது, "பத்துதானுங்க இருக்குது." வளர்மதியின் தங்கை அந்த இடத்திலேயே திரும்பி, "பொண்ணு வீட்டுக்காரரு நம்மளக்கூட எண்ணித்தான் உள்ள விடுவாரு போல. எல்லாரும் வரிசையா நில்லுங்க" என்றாள். கூடம் முழுக்கச் சிரிப்பு. பதினோராவது தட்டு வண்டியிலிருந்து வந்தது, மேலே போட்ட துணி நனையாமல். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்திருந்தால் தேவலை. அன்று முதல் அந்த வீட்டில் விசேஷத்துக்கு எதைக் கொண்டுவந்து வைத்தாலும், எண்ணிக்கோங்க சம்பந்தி என்று யாராவது ஒருவர் சொல்கிறார். சொல்லும்போதெல்லாம் தாரணி தரையைப் பார்க்கிறாள்.

நாற்பத்தேழு. பலகை பச்சைக்குள்ளிருந்து மிதந்து மேலே வந்தது, முகத்துக்கு நேராக நின்றது, பின்னால் அமிழ்ந்தது. கால் மிதித்தது, எடுத்தது, மிதித்தது. சென்னியப்பன் தன்னுடைய வலது காலும் மிதிப்பதைக் கண்டார். கீழே விரித்திருந்த ரப்பர் விரிப்பை அது அழுத்திக்கொண்டிருந்தது, அங்கேயும் ஒரு பிரேக் இருப்பது போல. காலை எடுத்துப் பின்னால் வைத்தார். அடுத்த வளைவில் அது தானாக முன்னால் வந்தது. முப்பது வருஷம் ஜவ்வரிசி ஆலையில் லாரி ஏறுகிற மூட்டைகளை எண்ணினவர் அவர். எண்ணும்போது யாரும் அவரிடம் பேசமாட்டார்கள், அவரும் பேசமாட்டார். பேசினால் எண்ணிக்கை போய்விடும். தலை மேல் மூட்டையோடு ஆட்கள் பலகையில் ஏறிப் போவார்கள், அவர் உதட்டை அசைக்காமல் நிற்பார். அப்படி நின்று நின்றே வாய் ஒட்டிப்போய்விட்டதோ. எதைப் பார்த்தாலும் முதலில் எண்ணத் தோன்றுகிறது, எண்ணி முடியட்டும் அப்புறம் பேசலாம் என்று தோன்றுகிறது. முடிகிற பாடாக இல்லை. மூட்டை ஏறிக்கொண்டே இருக்கிறது. ஆலைக்குப் பின்னால் களத்தில் காய்கிற ஜவ்வரிசி கண்ணுக்குள் வந்தது. உச்சி வெயிலில் அந்த வெள்ளையில் நடந்தால் தரை எது வானம் எது என்று தெரியாது. பாதத்துக்குக் கீழே உருண்டு உருண்டு நழுவும். நிற்கத்தான் நினைப்போம், அது கொண்டுபோகும். அந்தச் சுகம் இப்போது இடுப்புக்குக் கீழே இருந்தது. பயம் இப்படிச் சுகமாகவா இருக்கும் என்று ஆச்சரியமாக இருந்தது. நாற்பத்தைந்தா, நாற்பத்துநாலா. ஒரு குரங்கு கட்டைச் சுவரில் உட்கார்ந்து வண்டியையே பார்த்தது. அந்தச் சுவரில் ஓரிடத்தில் நாலு முழத்துக்குக் கல் இல்லை. அந்த இடைவெளியில் நாமக்கல் பக்கத்து வயல்கள் எல்லாம் பாயில் கொட்டி வைத்தது போலக் கிடந்தன.

"என்னமோ தீயற வாசமா வருது" என்றார் வளர்மதி. சென்னியப்பனுக்கும் வந்தது. ரப்பரும் இரும்பும் சேர்ந்து கருகுகிற மாதிரி, அடுப்பில் வெறும் சட்டியை மறந்துவிட்ட மாதிரி. "காட்டுல சருகு கொளுத்தியிருப்பாங்க" என்றார் குழந்தைவேலு. "சருகு இப்படியா நாறும்?" "உனக்கு மூக்கு எப்பச் சரியா இருந்துச்சு. சாம்பார் அடிப்பிடிச்சா மட்டும் தெரியாது." வளர்மதி, "கேட்டியா தாரணி, உங்க மாமன் பேச்ச" என்றார். தாரணி ஒன்றும் சொல்லவில்லை. தூங்கிவிட்டாள் போல என்று சென்னியப்பன் நினைத்துக்கொண்டார். தூங்கட்டும். சின்ன வயசிலும் பஸ் ஏறினால் தூங்கிவிடுவாள், தலை அவருடைய தோளில் இருந்து நழுவி நழுவி மடிக்கு வந்துவிடும். எழுப்பாமல் இருக்க அவர் இறங்க வேண்டிய நிறுத்தம் வரைக்கும் அசையாமல் உட்கார்ந்திருப்பார். இப்போதும் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறோம் என்று தோன்றியது. அசைந்தால் அவளுக்கு எதுவோ கலைந்துவிடும். எதிரே பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு ஏறி வந்தது. குழந்தைவேலு மிதித்தார், மிதித்தார், மறுபடி மிதித்தார். மூன்று. பஸ்ஸின் சிவப்பு முழுவதும் ஜன்னலை அடைத்துக்கொண்டு போனது; ஒரு கிழவரின் முழங்கை, கம்பியைப் பிடித்த ஒரு வளையல் கை, கையை நீட்டினால் தொட்டிருக்கலாம். பஸ் போன பிறகு வண்டிக்குள் திடீரென்று வெளிச்சமாக இருந்தது. குழந்தைவேலு கையை நீட்டி, காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்த பாட்டை அணைத்தார்.

பாட்டை ஏன் அணைத்தார். அதுதான் சென்னியப்பனைப் பிடித்துக்கொண்டது. காலையிலிருந்து ஓயாமல் பேசின மனுஷன். ரோட்டில் போகிற ஆட்டைப் பார்த்தாலும் அதற்கு ஒரு கதை வைத்திருப்பவர். நாற்பதாம் வளைவிலிருந்து ஒரு பேச்சும் இல்லை. அவருக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் ஓட்டுகிறார். இந்த நினைப்பு வந்ததும் சென்னியப்பனுக்கு உடம்பு லேசாகிவிட்டது. வண்டி ரோட்டை விட்டு விலகுவது தெரிந்தது. விலகி, அந்தக் கல் இல்லாத இடத்தின் வழியாக, சத்தமில்லாமல் மரங்களின் தலைக்கு மேலே போகிறது. விழவில்லை. மாவு காற்றில் போவது போல நேரமெடுத்துப் போகிறது. பலாப்பழங்கள் கூடவே வருகின்றன. வளர்மதி சேலையைச் சரிசெய்துகொள்கிறார். கீழே ராசிபுரத்தில் ருக்மணி காலை நீட்டி உட்கார்ந்து எண்ணெய் தேய்த்துக்கொண்டே, வந்துட்டீங்களா என்று அண்ணாந்து பார்க்கிறாள். தாரணி எங்கே. பின்னால் திரும்பிப் பார்க்க வேண்டும், கழுத்து திரும்பவில்லை. முப்பத்தெட்டு என்று ஒரு பலகை வந்து அவரை ரோட்டில் போட்டது. மிதி, மிதி, மிதி. நாலு.

நிறுத்த வைக்க வேண்டும். குறை சொல்லாமல் நிறுத்த வைக்க வேண்டும். டீ சாப்பிடலாமுங்களா என்றால், இந்த வளைவில் டீக்கடைக்கு எங்கே போவது. ஒண்ணுக்குப் போகணும் என்றால், பின்னால் சம்பந்தியம்மா இருக்கிறார். கோயிலிலிருந்தே அந்தக் கூச்சத்தில் அடக்கிக்கொண்டு வருகிறவர் சென்னியப்பன், இப்போது மட்டும் எப்படிச் சொல்வார். சாமி படத்தை மறந்துவிட்டோம் என்றால், இருக்கிறது, கண்ணாடிக்குக் கீழேயே ஒட்டியிருக்கிறது. ஒவ்வொன்றாக வாய்வரைக்கும் கொண்டுவந்து ஒவ்வொன்றாகத் திருப்பி அனுப்பினார். இப்படி ஒரு வளைவு போயிற்று, இன்னொன்று போயிற்று. கடைசியில் தன் உடம்பையே குறை சொல்லிவிடுவது என்று முடிவுசெய்தார். அதில் யாருக்கும் வருத்தமில்லை. "சம்பந்தி, எனக்கு வயித்தப் பிரட்டுதுங்க. கொஞ்சம் ஓரமா நிறுத்தறீங்களா?" குழந்தைவேலு திரும்பவில்லை. "இதோங்க. ஒரு ரெண்டு வளைவு போகட்டுமுங்க." "ஏனுங்க, மனுசன் வாந்தி வருதுங்கறாரு, ரெண்டு வளைவு மூணு வளைவுன்னு கணக்குச் சொல்றீங்க. சீட் கவருக்காகவாவது நிறுத்துங்க" என்றார் வளர்மதி. குழந்தைவேலு சிரிக்கவில்லை. அவருடைய கன்னத்தில், காதுக்கு முன்னால், ஒரு துளி வியர்வை இறங்கியது. தாடை வரைக்கும் வந்து அங்கேயே தொங்கியது. கால் மிதித்தது. மிதி தரைவரைக்கும் போய் ஒட்டிக்கொண்டது. அதன் கீழே ஒன்றும் இல்லாதது போல, தண்ணீருக்குள் காலை விட்டது போல. நிறுத்தமாட்டேன் என்றில்லை, அவரால் முடியவில்லை. ஐந்து, ஆறு என்று எண்ண ஆரம்பித்த மனசைச் சென்னியப்பன் பாதியில் நிறுத்தினார். எண்ணினது போதும். எண்ணிக்கை தவறிப்போகட்டும்.

"சம்பந்தி, பிரேக் பிடிக்கல" என்றார். மரியாதைக்கு ஒரு 'ங்க' கூட அதன் பின்னால் வரவில்லை. தன் குரல்தானா என்று இருந்தது, அவ்வளவு சத்தமாக இருந்தது. வளர்மதி முன் இருக்கையின் முதுகை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். குழந்தைவேலு ரோட்டைப் பார்த்தபடியே, பள்ளிக்கூடத்துப் பையன் ஒப்புக்கொள்கிற மாதிரி, "ஆமாங்க" என்றார். "பிடிக்கல." உடனே இரண்டு இருக்கைக்கும் நடுவே தாரணியின் தலை வந்தது. தூங்கி எழுந்த முகமில்லை. அந்த வார்த்தைகளை வெகுநேரமாக வாயிலேயே வைத்துக்கொண்டு வந்தவள் போலச் சொன்னாள். "மாமா, கியர்ல போடுங்க. தேர்டு. ம், போடுங்க. கிளச்ச மெதுவா விடுங்க." வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது, அடிவயிற்றிலிருந்து உறுமியது. பின்னாலிருந்து யாரோ கயிறு கட்டி இழுப்பது போல இருந்தது. "இப்ப செகண்டு. பயப்படாதீங்க, சத்தம் வரும். அடுத்த வளைவு தாண்டினா மலை நம்ம பக்கம் வரும். ஒதுக்குங்க, ஹேண்ட் பிரேக்க ஒரேயடியா இழுக்காம கொஞ்சங் கொஞ்சமா." குழந்தைவேலு அவள் சொன்னபடியெல்லாம் செய்தார். வளைவு வந்தது, மிகப் பெரிதாக, முடியாமல், கட்டைச் சுவரின் கறுப்பு வெள்ளைப் பட்டைகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும்படி வந்தது. திரும்பியது. மலைப்பக்கத்து ஓடையில் இடது சக்கரம் இறங்கி, ஜல்லியை வாரிக்கொண்டு, கதவு பாறையை உரசி, நின்றது. பின்னால் ஒரு பலாப்பழம் உருண்டு வந்து இருக்கையின் முதுகில் மோதியது. அதற்குப் பிறகு சத்தமே இல்லை. எங்கோ ஒரு குருவி கூப்பிட்டது. தன் வலது கால் இன்னும் விரிப்பை அழுத்திக்கொண்டிருப்பதைச் சென்னியப்பன் பார்த்தார். எடுக்க மனசு வரவில்லை.

முன் சக்கரங்களிலிருந்து லேசாகப் புகை வந்தது. குழந்தைவேலு தண்ணீர் பாட்டிலோடு ஓடினார். "ஊத்தாதீங்க மாமா, தானா ஆறட்டும்" என்றாள் தாரணி. அவர் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார், அப்புறம் தானே குடித்தார். தாரணி இரண்டு கல்லைப் புரட்டிச் சக்கரத்துக்கு அண்டை கொடுத்தாள். வளர்மதி பாறையில் சாய்ந்து, நெஞ்சில் கை வைத்து, மூச்சு திரும்பியதும் ஆரம்பித்தார். "வீட்ல இன்னொரு ஆளாம், ஆளு. சொந்த ஆளே சொந்த ஆளுகளக் கொல்லப் பாத்தானே." குழந்தைவேலு பாட்டிலை மூடினார். சென்னியப்பன் பக்கத்தில் வந்து நின்று, வண்டியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "பிரேக் லைனிங் மாத்தணும்னு மெக்கானிக்கு அப்பவே சொன்னானுங்க. நாந்தான் தள்ளிப்போட்டேன். மேலயே தெரிஞ்சுபோச்சு. பெருமை பேசிட்டு, உங்க முன்னாடி எப்படிச் சொல்றதுன்னு வாய் வரல. நீங்க சொன்னது நல்லதாப் போச்சு." சென்னியப்பன் தலையாட்டினார். பழக்கத்தில் ஆட்டிய தலை இல்லை அது. இவ்வளவுதானா என்று இருந்தது. இந்த ஒரு முகத்துக்குப் பயந்தா இத்தனை வளைவு வாய் மூடி வந்தோம். குழந்தைவேலு போனில் சிக்னல் தேடிக்கொண்டு ரோட்டில் மேலே நடந்து போனார். வளர்மதியும் அவர் பின்னால் பேசிக்கொண்டே போனார்.

தாரணி கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு அப்பாவின் பக்கத்தில் வந்தாள். வெயில் இறங்கிவிட்டிருந்தது, கீழே வயல்கள் ஒவ்வொன்றாக நிழலுக்குள் போயின. "எனக்கு அம்பத்திரண்டுலயே தெரியும்மா" என்றார் சென்னியப்பன். அவளைப் பார்க்காமல் சொன்னார். "பாத்துக்கிட்டேதான் வந்தேன். உங்க வீட்டு ஆளுக்கிட்ட நான் ஒண்ணு சொல்லப்போயி, அது உன் தலையில விடிஞ்சா என்ன பண்றதுன்னு." தாரணி விரலிடுக்கில் இருந்த மண்ணையும் தட்டினாள். பிறகு, "எனக்கு அறுபத்தி நாலுல தெரியும்பா" என்றாள். "நியூட்ரல்ல போட்டப்பவே தெரியும். இது சூடேறி விட்டுரும்னு." அவர் திரும்பிப் பார்த்தார். கல்யாணத்துக்கு முன்னால் லைசென்ஸ் எடுத்தவள், கார் ஓட்டக் கற்றுக்கொண்ட அன்று வீட்டுக்கு வந்து தட்டையே ஸ்டியரிங்காகத் திருப்பிக் காட்டியவள். "பின்ன ஏம்மா சொல்லல?" "நீங்க முன்னால உக்காந்திருக்கீங்க. உங்க முன்னாடி நான் மாமாவ ஒண்ணு சொல்லி, அவரு சிரிச்சுக்கிட்டே ஒண்ணு சொல்லிட்டா, உங்க மூஞ்சி வாடிப்போகுமேன்னு." சொல்லிவிட்டு, ஒன்றுமில்லாத விஷயம் போல, முந்தானையில் கையைத் துடைத்தாள். அவளுக்கு எங்கிருந்து வந்தது இது என்று சென்னியப்பனுக்குத் தெரியும். அறுபத்தி நாலிலிருந்து கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, பின் இருக்கையில், தூங்குகிறவள் மாதிரி. வண்டி எப்போதோ நின்றுவிட்டது, ஆனால் உள்ளே எதுவோ இப்போதுதான் பிடிப்பு விட்டு இறங்க ஆரம்பித்தது. மூன்று மாதம். போனில் பேசும்போதெல்லாம், நல்லா இருக்கேன்பா என்ற அதே குரல். அதை அவர் ஒரு தடவையும் உற்றுக் கேட்கவில்லை. சொன்னபடியே வாங்கி வைத்துக்கொண்டார்.

மேலே, பாறைத் திருப்பத்தில், வளர்மதி யாரையோ போனில் திட்டிக்கொண்டிருப்பது கேட்டது. சென்னியப்பன் தொண்டையைச் செருமினார். "தாரணி. இது மாதிரி வேற ஏதாவது சொல்லாம வச்சிருக்கியாம்மா?" அவள் உடனே இல்லை என்று சொல்லவில்லை. மேலே ரோட்டை ஒரு தடவை பார்த்தாள். புகை நின்றுபோன சக்கரத்தைப் பார்த்தாள். அப்புறம் கட்டைச் சுவரில் ஒரு ஓரத்தைக் கையால் துடைத்துவிட்டு, "வண்டி ஆற நேரமாகும். உக்காருங்கப்பா, சொல்றேன்" என்றாள்.